ஹெர்குலியன், சிசிஃபியன், ஆஜியன்: மூன்றுக்கும் ஒரே பொருளா?

தென்காசி மாலா:
எல்லாருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாதிரித் தேர்வு ஒன்றில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி. வருஷக்கணக்காக ஊழல் மண்டிக் கிடக்கும் ஒரு துறையைச் சுத்தம் செய்யப் புது அதிகாரி வருகிறார்; அவர் முன்னால் இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு பெயரடை போட வேண்டும். கொடுத்திருந்தவை ஹெர்குலியன், சிசிஃபியன், ஆஜியன், புரொமீதியன். சரியான விடை ஆஜியனாம். எங்கள் குறிப்பில் முதல் மூன்றுக்கும் நேரே 'மிகக் கடினமான' என்றுதான் அச்சாகியிருக்கிறது. அப்படியானால் ஹெர்குலியன் போட்டால் என்ன தப்பு?

பனையோலை:
மாலா, குறிப்பு எழுதியவர் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது. முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்தப் பெயரடைகள் ஒரு ஆளின் முழுக் கதையையும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கதையில் ஒரே ஒரு சம்பவத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வருகின்றன. எந்தச் சம்பவம் என்று தெரிந்துவிட்டால் எங்கே போடுவது என்ற குழப்பமே வராது.

கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸுக்குக் கொடுத்த பன்னிரண்டு வேலைகளும் மனுஷனால் ஆகாதவை. ஆனாலும் பன்னிரண்டையும் முடித்தான். ஆக, அசாத்திய பலமும் உழைப்பும் கேட்கும், ஆனால் முடிக்கக்கூடிய வேலை ஹெர்குலியன்.

சிசிஃபஸ் கதை வேறு. பாதாளத்தில் ஒரு பாறையை மலைமேல் உருட்டிக்கொண்டு போகிறான். உச்சியைத் தொடும் நேரத்தில் அது கீழே உருண்டுவிடும். இறங்கி வந்து மறுபடி உருட்ட வேண்டும், என்றென்றைக்கும். இங்கே பேச்சு கடினத்தைப் பற்றியதே இல்லை. முடிவில்லாததும் பயனில்லாததும்தான் விஷயம். தினமும் பாத்திரம் தேய்ப்பதை சிசிஃபியன் என்று சொல்லலாம். அதையே ஹெர்குலியன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

ஆஜியன் என்பது ஆஜியஸ் என்ற அரசனிடமிருந்து வருகிறது. கிரீஸின் மேற்கே எலிஸ் நாட்டுக்காரன். மாட்டுச் செல்வம் ஏராளம், தொழுவத்தை மட்டும் கூட்டியதே இல்லை. மூவாயிரம் மாடு, முப்பது வருஷச் சாணி என்று கணக்குச் சொல்வார்கள். அதை ஒரே நாளில் சுத்தம் செய்ய ஹெர்குலிஸை அனுப்பினார்கள். அவன் கூடையைத் தொடவில்லை. அல்ஃபியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆறுகளைத் திருப்பித் தொழுவத்துக்குள் விட்டான். நெடுங்காலமாகச் சேர்ந்து நாறுவது, அதுவும் ஊழல், நிர்வாகச் சீர்கேடு போன்றவை என்றால் ஆஜியன். தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த சொல்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆஜியஸ் தொழுவமே ஹெர்குலிஸின் பன்னிரண்டு வேலைகளில் ஒன்று. அதனால் ஹெர்குலியன் என்று எழுதியவரைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேள்வி அமைத்தவர் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. ஆனால் 'பல வருஷமாக', 'சுத்தம் செய்ய' என்று இரண்டு துப்பு கொடுத்திருக்கிறார். தேர்வில் அவற்றைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தத் தொழுவ வேலைக்கு ஹெர்குலிஸ் மந்தையில் பத்தில் ஒரு பங்கு கூலி பேசியிருந்தான். கூலி பேசியதால் இது கணக்கில் சேராது என்று வேலை ஏவிய அரசன் யூரிஸ்தியஸ் தள்ளிவிட்டான். பத்தாக இருந்த வேலைகள் பன்னிரண்டு ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

குசும்பன்:
ஆஜியஸும் பேசின கூலியைத் தரலை, யூரிஸ்தியஸும் கணக்குல சேர்க்கலை. ஒப்பந்தத் தொழிலாளி நிலைமை அன்னைக்கே இதுதானா!

வரப்பு மேடு:
பனையோலை சார், மரியாதையோட ஒண்ணு சொல்றேன். இந்தப் புள்ள தேர்வுக்குப் படிக்குது. நூறு சொல்லுக்கு நூறு கிரேக்கக் கதை படிச்சுக்கிட்டிருந்தா கணக்குப் பாடம் எப்பப் பார்க்கிறது? ஹெர்குலியன்னா பெரிய வேலை, சிசிஃபியன்னா வீண் வேலை, ஆஜியன்னா குப்பை வேலை. மூணு வரி. மனப்பாடம் பண்ணிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

கடல்நாரை:
வரப்பு மேடு அண்ணா, நீங்கள் சொன்ன அந்த மூன்று வரிகளே கதையின் சுருக்கம்தானே? சார் மேலே கதையைச் சொன்ன பிறகுதான் உங்களாலும் அதை அவ்வளவு சுருக்க முடிந்தது. :)

மனப்பாடம் நிற்காது, கதை நிற்கும். புரோட்டியன் என்ற சொல்லைச் சும்மா மனப்பாடம் செய்தவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் நான்காம் காண்டத்தில் வருவதை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

ட்ராய் போர் முடிந்து ஊருக்குத் திரும்பும் கிரேக்க அரசன் மெனெலாஸ், எகிப்துக்கு எதிரே ஃபாரோஸ் தீவில் காற்று வீசாமல் இருபது நாள் கிடக்கிறான். என்ன தெய்வக் குற்றம் என்று சொல்லக்கூடியவர் கடல் கிழவர் புரோட்டியஸ் ஒருவர்தான். கிழவர் உச்சி வெயிலில் கரையேறுவார், தன் சீல் கூட்டத்தை எண்ணிப் பார்ப்பார், அவற்றின் நடுவே படுத்துத் தூங்கிவிடுவார். அவரைப் பிடிக்க வழி சொல்லிக் கொடுப்பது யார் தெரியுமா? அவருடைய சொந்த மகள். அப்போதுதான் உரித்த நான்கு சீல் தோல்களைக் கொண்டுவந்து மெனெலாஸுக்கும் அவனுடைய மூன்று ஆட்களுக்கும் போர்த்தி மணலில் படுக்க வைக்கிறாள். தோலின் நாற்றத்தில் இவர்களுக்குக் குடலைப் பிரட்டுகிறது. பாவம் பார்த்து ஆளுக்குக் கொஞ்சம் அமுதத்தை மூக்கடியில் தடவிவிடுகிறாள். கிழவர் வருகிறார், எண்ணுகிறார், இந்த நான்கு பேரையும் சேர்த்தே எண்ணிவிட்டுப் படுக்கிறார். பாய்ந்து பிடித்ததும் சிங்கமாகிறார், பாம்பாகிறார், சிறுத்தை, காட்டுப்பன்றி, ஓடும் தண்ணீர், கடைசியில் நெடுமரம். பிடியை மட்டும் யாரும் விடவில்லை. அலுத்துப்போய் பழைய உருவத்துக்கு வந்து பதில் சொல்கிறார்.

நினைத்தபடி உருமாறக்கூடியது, பல வடிவம் எடுக்க வல்லது புரோட்டியன். ஒரு நடிகர் கிழவனாகவும் கோமாளியாகவும் கொலைகாரனாகவும் நம்பும்படி நடித்தால் புரோட்டியன் நடிகர். பெரும்பாலும் பாராட்டாகவே வரும்.

சோடியம் சுந்தர்:
யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சாப்பிடும் புரோட்டீனுக்கும் இந்தக் கிழவருக்கும் உறவு கிடையாது. அது 'முதன்மையான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1838-இல் வைத்த பெயர்.

வேதியியலில் உண்மையான உறவு வேண்டும் என்றால் டான்டலஸைப் பாருங்கள். பாதாளத்தில் தண்டனையாகக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், குனிந்தால் தண்ணீர் வற்றிவிடும். தலைக்கு மேலே மாதுளை, அத்தி, பேரி தொங்குகின்றன. கை நீட்டினால் காற்று கிளையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். டான்டலைஸிங் என்ற பெயரடை இதிலிருந்துதான். கண்ணுக்கு முன்னால் காட்டிக் கைக்கு எட்டாமல் வைப்பது. வெறுமனே 'கவர்ச்சியான' என்று பொருள் சொல்வது பாதி உண்மை.

1802-இல் ஸ்வீடனின் ஏக்கெபெர்க் ஒரு புது உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் ஆக்சைடை எவ்வளவு அமிலத்துக்குள் போட்டாலும் அது அமிலத்தை ஏற்கவே இல்லை. சுற்றிலும் இருந்தும் குடிக்க முடியாதவன் என்று டான்டலம் எனப் பெயர் வைத்தார். 1844-இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் ரோஸ், டான்டலத்தோடு ஒட்டிக்கொண்டே கிடைக்கும் இன்னொரு தனிமத்துக்கு டான்டலஸின் மகள் நியோபியின் பெயரைப் போட்டு நியோபியம் ஆக்கினார். செல்போனுக்குள் இருக்கும் குட்டி மின்தேக்கிகளில் டான்டலம் உண்டு.

தென்காசி மாலா:
பனையோலை சார், கடல்நாரை, சுந்தர் அண்ணா மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மெர்குரியல் என்பதும் 'மாறிக்கொண்டே இருக்கும்' என்றுதான் போட்டிருக்கிறது. புரோட்டியனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? புரொமீதியனை எல்லாரும் விட்டுவிட்டீர்களே.

பனையோலை:
புரோட்டியஸுக்கு மாறுவது உருவம். மெர்குரியலில் மாறுவது மனநிலை. காலையில் கொஞ்சுவார், மத்தியானம் எரிந்து விழுவார், சாயங்காலம் மறந்துபோயிருப்பார்: மெர்குரியல் மேலதிகாரி. விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் செல்லமாக எழுதுவார்கள், இன்றைக்குச் சதம் அடிப்பாரா பூஜ்யத்தில் போவாரா என்று தெரியாத ஆட்டக்காரரை.

புரொமீதியஸ் வானத்திலிருந்து நெருப்பைப் பெருஞ்சீரக வகைச் செடியின் தண்டுக்குள் மறைத்து எடுத்து வந்து மனிதனுக்குக் கொடுத்தவன். அதற்காகப் பாறையில் கட்டப்பட்டு, கழுகு தினமும் ஈரலைத் தின்ன, இரவில் அது மறுபடி வளர, அப்படியே கிடந்தான். ஆனால் பெயரடை அந்தத் தண்டனையைத் தொடவே இல்லை. துணிச்சலாகப் புதிதாகப் படைப்பது, எல்லை மீறிச் சிந்திப்பது மட்டும்தான் புரொமீதியன். ஒரு சம்பவத்தைத்தான் பிய்த்துக்கொண்டு வரும் என்று சொன்னேனே, அதற்கு நல்ல சான்று.

ஓரைக்காரன்:
மெர்குரியல், ஜோவியல், சாட்டர்னைன். இந்த மூன்றையும் புராணக் கதையில் தேடினால் கிடைக்காது ஐயா. இவை ஜாதகக் கட்டத்தின் வழியாக வந்தவை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிறந்த நேரத்துக் கிரகத்தை வைத்துத்தான் குணம் சொன்னார்கள். வியாழன், அதாவது ஜூப்பிட்டர், பெரிய சுபக் கிரகம். அவருக்கு ஜோவ் என்றும் பெயர். அந்த ராசிபலன்தான் ஜோவியல்: சிரித்த முகம், தாராள மனசு. 'குரு பார்க்கக் கோடி நன்மை' என்று நாம் சொல்வது போலத்தான். கதைகளில் வரும் ஜூப்பிட்டர் அவ்வளவு சிரித்த முகம் கிடையாது, இடியைத் தூக்கி எறிகிற ஆள்.

சாட்டர்ன் நம் சனி. அன்றைக்குத் தெரிந்த கிரகங்களில் மிகத் தொலைவு, மிக மெதுவான நடை, குளிர்ச்சி. அதனால் சாட்டர்னைன் என்றால் சிடுமூஞ்சி, இறுக்கமானவன். இதில் வேடிக்கை, ரோமாபுரியில் சாட்டர்ன் தெய்வத்தின் திருவிழாதான் வருஷத்திலேயே கும்மாளமானது. டிசம்பர் 17-இல் தொடங்கும். அடிமைகளுக்கு எஜமானர்கள் பரிமாறுவார்கள், சூதாட்டத்துக்குத் தடை இல்லை. அவருடைய ஆட்சிதான் பொற்காலம் என்று வேறு நம்பினார்கள். தெய்வம் ஒரு பக்கம், கிரகம் ஒரு பக்கம். ஆங்கிலம் கிரகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

நாம் சொல்லும் ஓரை, கேந்திரம் எல்லாம் கிரேக்கத்தின் ஹோரா, கென்ட்ரான்தான். 'யவன ஜாதகம்' என்ற பெயரிலேயே சமஸ்கிருதத்தில் ஒரு நூல் உண்டு. அதனால் இரண்டு ஊர்ச் சோதிடமும் ஒத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

சோடியம் சுந்தர்:
சோதிடம் பற்றி எனக்கு வேறு கருத்து, அதை இங்கே கிளப்பவில்லை. மெர்குரியலில் உலோகத்துக்கும் பங்கு உண்டு என்று மட்டும் சேர்க்கிறேன். மெர்குரி, அதாவது புதன் கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவன் என்றால் முதலில் பேச்சுத் திறமை, வியாபார மூளை, கொஞ்சம் திருட்டுப் புத்தி என்றுதான் பொருள். கையில் நிற்காமல் ஓடும் பாதரசத்துக்கும் ரசவாதிகள் அதே கிரகத்தின் பெயரைக் கொடுத்தார்கள். இன்றைய 'நிலையில்லாத' என்ற பொருளுக்கு அந்த ஓட்டமும் பொருந்திக்கொண்டது.

மெர்குரி என்ற ரோமத் தெய்வத்தின் கிரேக்கப் பெயர் ஹெர்மிஸ். ரசவாதிகள் தங்கள் ஆதிகுருவாக நினைத்த ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் பெயரால், கண்ணாடிக் குழாயின் வாயை உருக்கி மூடும் முறைக்கு ஹெர்மெட்டிக் என்று பெயர் வந்தது. காற்றுப் புகாத மூடி இன்றைக்கும் ஹெர்மெட்டிக்தான். ஒரே சாமி: ஒரு பெயரில் ஓரிடத்தில் நிற்காதவர், இன்னொரு பெயரில் இம்மிகூடக் கசிய விடாதவர்.

வரப்பு மேடு:
சரி, நானும் கோதாவுல இறங்குறேன். டிராகோனியன், பிளேட்டானிக், ஸ்பார்டன், லக்கோனிக். இதையும் பட்டியல்ல சேர்த்துக்கோ மாலா, எல்லாம் கிரேக்கச் சரக்கு.

பனையோலை:
கிரேக்கச் சரக்கு சரி, புராணச் சரக்கு இல்லை. டிராகோ கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய ஆள். சின்னத் திருட்டுக்கும் மரண தண்டனை என்று பெயர் வாங்கியவர். பின்னால் வந்த சோலன், கொலைக் குற்றச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கினார். பிளேட்டோ தத்துவவாதி. ஸ்பார்ட்டா ஊர், லக்கோனியா அதைச் சுற்றிய நாடு. ஒன்றில்கூடத் தெய்வம் இல்லை.

வரப்பு மேடு:
டிராகோங்கற பேருக்கே பாம்புன்னுதானே அர்த்தம்? அப்ப புராணம்தான்.

பனையோலை:
நாகராஜன் என்று பெயர் வைத்தவரெல்லாம் புராணத்தில் வருகிறாரா, ஐயா?

வரப்பு மேடு:
கேள்வித்தாள்ல ரெண்டும் ஒரே தலைப்புலதான் வருது. நான் மாத்திக்கிறதா இல்லை.

கடல்நாரை:
:) தேர்வுக்கு அவர் வழி, வாசிப்புக்கு சார் வழி. ஒரு பொறி மட்டும் கவனம்: நெஸ்டோரியன் என்றால் ட்ராய் போரின் கிழவர் நெஸ்டர் இல்லை. அது நெஸ்டோரியஸ் என்ற கிறிஸ்தவ ஆயரின் பெயரால் வந்தது. அதற்கு நேர்மாறாக ஸ்டென்டோரியன். ஹோமரின் இலியட்டில் ஸ்டென்டர் என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. ஐம்பது பேர் சேர்ந்து கத்தும் குரல் அவனுக்கு என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் மைக் இல்லாமல் மைதானம் முழுக்கக் கேட்கும் குரலை ஸ்டென்டோரியன் என்கிறோம்.

தேவகி ரொறன்ரோ:
வணக்கம் பிள்ளையள். நான் இங்க தாதியா வேலை செய்யிறன். ஓரைக்காரன் ஐயா சொன்ன சாட்டர்னைன் வைத்தியத்திலயும் இருக்கு. ஈயத்துக்கு ரசவாதிகள் சனியின்ர பேரைத்தான் குடுத்தவை. அதால ஈய நஞ்சேறி வாற மூட்டுவாதத்துக்கு இண்டைக்கும் சாட்டர்னைன் கௌட் எண்டுதான் சொல்லுறது. வீனஸின்ர பேரில வந்த வெனீரியல் எண்ட சொல்லை இப்ப ஒருத்தரும் எழுதிறேல்லை. பாலியல் மூலம் தொற்றும் எண்டு நேராவே எழுதிவிடுவினம். காதல் தெய்வத்தின்ர பேர் கடைசியில நோய்க்கு மட்டும் மிஞ்சினது பாவம்தான்.

நோயாளி சோர்ந்து கிடந்தால் லெதார்ஜிக் எண்டு குறிப்பில எழுதிறம். அது மறதி எண்ட கிரேக்கச் சொல்லில இருந்து வந்தது. பாதாளத்தில ஓடுற மறதி ஆறு லீதிக்கும் அதே பேர்தான். ஆனால் லீத்தல் வேற வழி. அது சாவு எண்ட லத்தீன் சொல். ஆற்றின்ர பேரோட குழம்பித்தான் நடுவில ஒரு எச் எழுத்து வந்து ஏறினது.

நார்சிசிஸ்ரிக் எண்டதை இப்ப கண்டபடி எல்லாரும் பாவிக்கினம், புருசன் கோபிச்சாலும் அதுதான், மாமியார் பேசினாலும் அதுதான். ரோமக் கவிஞர் ஓவிட் எழுதின கதையில நார்சிசஸ் எண்ட பெடியன் தண்ணியில தெரியிறது தன்ர முகம் எண்டு முதல் அறியவே இல்லை. அறிஞ்ச பிறகுதான் அழுது உருகிச் செத்தவன். வைத்தியர்கள் அந்தப் பேரை எடுத்துப் பாவிக்கத் தொடங்கினது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியிற காலத்தில. ஃபுரொய்ட் 1914-இல அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினவர்.

குளக்கரை:
நான் பறவை பார்க்கிறவன், ஹால்சியன் என்று யாராவது தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். மின்கம்பியில் உட்கார்ந்து கிடக்குமே, சாக்லேட் நிறத் தலை, வெள்ளை மார்பு, நீல முதுகு, தடித்த சிவப்பு அலகு? அந்த வெண்மார்பு மீன்கொத்தியின் அறிவியல் பெயர் ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். தஞ்சாவூர் வயலில் இருக்கும் பறவைக்கு கிரேக்கக் கதைப் பெயர்!

ஆல்சியோனின் கணவன் சீக்ஸ் கப்பல் உடைந்து இறந்துபோகிறான். உடல் கரை ஒதுங்குவதைப் பார்த்து அவள் கடலில் பாய்கிறாள். தெய்வங்கள் இரக்கப்பட்டு இருவரையும் மீன்கொத்திகளாக்குகின்றன. அவள் அப்பா காற்றுகளின் காவலர் ஏயோலஸ். மகள் கடல்மேல் கூடு மிதக்கவிட்டு அடைகாக்கும் நாட்களில் அவர் காற்றைக் கட்டிப்போட்டுவிடுவார். குளிர்கால உச்சிக்கு முன்னே ஏழு, பின்னே ஏழு, மொத்தம் பதினான்கு நாள். அந்த அமைதிதான் ஹால்சியன். நிஜ மீன்கொத்தி கடல்மேல் கூடு வைப்பதாவது! மண்கரையில் அலகால் குடைந்து நீளமாக வளை போட்டு உள்ளே முட்டையிடும்.

தென்காசி மாலா:
தேவகி அக்கா, குளக்கரை அண்ணா, நன்றி. மூன்று வாக்கியம் முயற்சி செய்திருக்கிறேன், கருத்தை மட்டும் தமிழில் தருகிறேன். பனையோலை சார் திருத்தித் தர வேண்டும்.
ஒன்று: எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் படிக்கச் சொல்வது புரொக்ரஸ்டியன் முறை.
இரண்டு: அவர் டைட்டானிக் முயற்சி எடுத்து அணையைக் கட்டி முடித்தார்.
மூன்று: அடுத்த வாரம் எனக்கு ஹால்சியன் விடுமுறை.

பனையோலை:
முதல் வாக்கியம் அருமை. புரொக்ரஸ்டிஸ் வழிப்போக்கர்களை விருந்துக்குக் கூப்பிட்டுக் கட்டிலில் கிடத்துவான். நெட்டையன் என்றால் நீட்டிக்கொண்டிருக்கும் காலை அறுப்பான், குட்டையன் என்றால் அடித்து நீட்டுவான். ஒரு வடிவத்தில் இன்னும் கொடுமை: அவனிடம் இரண்டு கட்டில்கள். குட்டையனுக்குப் பெரியது, நெட்டையனுக்குச் சிறியது. யாருக்கும் எப்போதும் பொருந்தாது. தீஸியஸ் என்ற வீரன் அவனை அதே முறையில் முடித்தான். ஆளுக்காக விதி என்றில்லாமல் விதிக்காக ஆளை வெட்டினால் புரொக்ரஸ்டியன். இதை எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்கு. சிசிஃபியன், ஆஜியன் இரண்டும் அப்படியே. ஜோவியல், மெர்குரியல், டான்டலைஸிங் மூன்றும் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோனவை, சிறிய எழுத்து போதும்.

இரண்டாவதும் சரிதான், டைட்டானிக் என்றால் மாபெரும். மூன்றாவது இடிக்கிறது. ஹால்சியன் பெரும்பாலும் போய்விட்ட நல்ல காலத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது. அடுத்த வார விடுமுறைக்கு ஒட்டாது.

குசும்பன்:
டைட்டானிக் முயற்சின்னா முங்கிடாதா சார்?

கடல்நாரை:
டைட்டன்கள் ஒலிம்பிய தெய்வங்களோடு சண்டை போட்டுத் தோற்றுப் பாதாளத்துக்குப் போனவர்கள். அந்தக் கப்பல் கம்பெனி ஒலிம்பிக், டைட்டானிக் என்று இரண்டு கப்பல்களுக்கும் பெயர் வைத்தது. டைட்டானிக் 1912-இல் முதல் பயணத்திலேயே மூழ்கியது. ஒலிம்பிக் 1935 வரை ஓடி, அப்புறம்தான் உடைக்கப் போனது.

தென்காசி மாலா:
மூன்றாவதை மாற்றிவிட்டேன் சார்: தேர்வு, வேலை என்ற கவலை எதுவும் இல்லாத பள்ளிக்கூடக் காலம்தான் எங்கள் ஹால்சியன் நாட்கள்.

பனையோலை:
இது சரி.